பழைய கார்களின் சுருக்கப் பூச்சைச் சுரண்டுவதற்கு முன்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏப்ரல் வசந்த காலத்தில் நுவரெலியாவுக்கு வந்து சேரும் பழைய மோட்டார் கார்களின் படங்களைத் தங்கள் பத்திரிகை வெளியிட்டு வருவது, மலையகத்தில் அத்தகைய வாகனங்களைப் பேணிவரும் எங்களைப் போன்றவர்களுக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தருகின்றது. அக்கார்களின் வெளிப்புறத்தைப் பற்றிக் குறை சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. தகட்டைத் தட்டி நிமிர்த்தும் எங்கள் டிங்கர் வேலைக்காரர்களும் பெயின்ட் பாஸ்மாரும் கைதேர்ந்தவர்கள். கதவைத் திறந்து உள்ளே பார்க்கும்போதுதான் மனம் சங்கடப்படுகின்றது. தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளில் சொரசொரப்பாகவும் மங்கிய கறுப்பாகவும் இருந்த டாஷ்போர்ட், இன்று முகம் பார்க்கக்கூடிய அளவுக்கு மினுங்குகின்றது; அதையே உரிமையாளர் ‘ஒரிஜினல் கண்டிஷன்’ என்று பெருமையுடன் காட்டுகின்றார். அந்தச் சொரசொரப்பை நாம் எவ்வாறு இழந்துகொண்டிருக்கின்றோம் என்பதையும், இங்குள்ள குளிரிலும் ஈரத்திலும் அதை எவ்வாறு திரும்ப உண்டாக்கலாம் என்பதையும் எழுதவே இக்கடிதம்.

எங்கள் கராஜ்களில் ‘ரிங்கிள்’ என்றும் ‘கிரெக்கிள்’ என்றும் மாறி மாறிச் சொல்லப்படுவதும், காயும்போது சிறு சிறு மடிப்புகளாகச் சுருங்கி அந்தச் சொரசொரப்பைத் தருவதுமான இந்தச் சுருக்கப் பூச்சு, 1930கள் முதல் பல தசாப்தங்களாக உலகெங்கும் பரவலாகப் பயன்பட்டது. இங்கிலாந்தின் அபிங்டன் நகரில் 1962 இல் உற்பத்தி தொடங்கிய எம்.ஜி.பி. கார்களின் ஆரம்பகால டாஷ்போர்ட், அச்சில் அழுத்திய இரும்புத் தகட்டின்மீது கறுப்புச் சுருக்கப் பூச்சுப் பூசப்பட்டதாகும். லூக்காஸ் நிறுவனத்தின் பழைய வைப்பர் மோட்டார் உறைகளிலும், சில ஹீட்டர் பெட்டிகளிலும், பந்தயக் கார்கள் சிலவற்றின் என்ஜின் மூடிகளிலும் இதே பூச்சைக் காணலாம். கார் வைத்திராதவர்களும் இதை அறிவார்கள். தோட்டக் காரியாலயங்களில் இருந்த பழைய தட்டச்சுப் பொறிகளின் மேலுறையைத் தடவிப் பார்த்தவர்களின் விரல் நுனி இதை மறந்திருக்காது. அழகுக்காக மட்டும் அக்காலத்தவர் இதைப் பூசவில்லை. வார்ப்பிலும் தகட்டிலும் உள்ள சிறு மேடுபள்ளங்களைத் தேய்த்து மட்டமாக்கும் கூலியை இப்பூச்சு மிச்சப்படுத்தியது. முன்கண்ணாடி வழியாக விழும் வெயில் டாஷ்போர்டில் பட்டு ஓட்டுநரின் கண்ணில் தெறிப்பதையும் தடுத்தது. இதன் வியாபாரம் எவ்வளவு பெரியதாக இருந்தது என்றால், இதற்கான காப்புரிமைகளை ஒன்றுசேர்த்து, உரிமம் பெற்றவர்கள் விற்கவேண்டிய விலையை நிர்ணயித்தமை தொடர்பான வழக்கு 1952 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்றது.

இது ஏன் அழிகின்றது என்பதற்குப் பெயின்ட் பாஸ்மாரை மட்டும் குற்றஞ்சாட்டுவது நியாயமாகாது. டாஷ்போர்ட் கைக்கு வந்ததும் அதைச் சாண்ட்பேப்பரால் தேய்த்து, பட்டி பூசி, மட்டமாக்கி, கடினப்படுத்தி கலந்த 2கே பெயின்ட் அடித்துப் பொலிஷ் செய்வதே அவர்களுக்குக் கற்பிக்கப்பட்ட ஒழுங்கு. சொரசொரப்பு என்றால் வேலை சரியில்லை என்றே அவர்களுடைய ஆசான்மார் சொல்லி வைத்திருக்கின்றார்கள். வாகன உரிமையாளரும் கொடுத்த காசுக்குப் பளபளப்பைத்தான் எதிர்பார்க்கின்றார். 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 இல்தான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில், கொட்டிலில் கிடந்த பல பழைய கார்கள் வெளியே எடுக்கப்பட்டன. விற்பனையை மனதில் வைத்து அவசர அவசரமாகச் செய்யப்பட்ட வேலைகளில் முதலில் பலியானது உட்புறத்தின் அசல் பூச்சுத்தான் என்பது என் அபிப்பிராயம்.

சுருக்கம் எவ்வாறு விழுகின்றது என்பதை விளங்கிக்கொண்டால் மற்றவை எளிதாகும். அக்காலத்துச் சுருக்கப் பூச்சின் அடிப்படை, சீனாவில் விளையும் டங் மரத்தின் விதையிலிருந்து எடுக்கப்படும் எண்ணெய் ஆகும். இவ்வெண்ணெய் காற்றிலுள்ள ஒட்சிசனை மிக விரைவாக உறிஞ்சி இறுகும் இயல்புடையது. அதனுடன் கோபால்ட் சேர்ந்த உலர்த்தியைக் கலக்கும்போது, மேற்பரப்பு மட்டும் முந்திக்கொண்டு தோலாகப் படிகின்றது. அவ்வாறு படிந்த தோல் ஒட்சிசனை ஏற்று விரிவடைகின்றது. அதன் கீழுள்ள பெயின்டோ இன்னும் ஈரமாகவும் இளகியும் இருக்கின்றது. விரியும் தோலுக்குப் பக்கவாட்டில் போக இடமில்லாததால் அது மேலெழுந்து மடிகின்றது. காய்ச்சிய பாலை ஆறவிடும்போது ஆடை படிந்து சுருங்குவதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. சாதாரண எனாமலைத் தடிப்பாகப் பூசிச் சுருங்க வைக்கலாம் என்று நினைப்பவர்கள் இருக்கின்றார்கள். அது சில இடங்களில் சுருங்கும், சில இடங்களில் வழியும், பல நாட்களுக்கு ஒட்டிக்கொண்டே இருக்கும்.

இதிலிருந்து நடைமுறைக்கு வேண்டிய பல விடயங்கள் கிடைக்கின்றன. பூச்சு தடிப்பாக இருந்தால் மடிப்பு பெரிதாகவும் கரடாகவும் விழும். மெல்லியதாக இருந்தால் மடிப்பு நுண்ணியதாகும். மிக மெல்லியதாக இருந்தால் தோலும் அடிப்பகுதியும் ஒன்றாகவே காய்ந்து, சுருக்கமே விழாது. சூடு எல்லா இடத்திலும் ஒரே சீராக இருந்தால் மடிப்பும் ஒரே சீராக இருக்கும். ஒரு பக்கம் சூடாகவும் மறுபக்கம் குளிராகவும் இருந்தால், ஒரே தகட்டில் இரண்டு வகைப் பூச்சைக் காணவேண்டி வரும். உண்மையான வெடிப்புப் பூச்சு என்று வேறொன்றும் உண்டு. அதில் மேற்பூச்சு சுருங்கிப் பிளந்து, பிளவுகளின் ஊடாக அடிநிறம் தெரியும். பிரித்தானியக் கார்களின் டாஷ்போர்டில் இருப்பது பிளவு அல்ல, மடிப்பு. கொழும்பு பஞ்சிகாவத்தையிலோ வேறெங்குமோ கேன் ஸ்ப்ரே வாங்குபவர்கள் மூடியிலுள்ள படத்தை உற்றுப் பார்த்து வாங்குவது நல்லது, ஏனெனில் இரண்டும் ஒரே பெயரில் விற்கப்படுவது உண்டு.

இனி எங்கள் மலைநாட்டுக் காலநிலையைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனெனில் வெளிநாட்டுக் கேன்களில் அச்சிட்டுள்ள அறிவுறுத்தல்கள் இங்கே அப்படியே பொருந்துவதில்லை. கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 16 பாகை செல்சியஸ் மட்டுமே. சுருக்கப் பூச்சுக்கோ 20 பாகைக்கு மேற்பட்ட சூடும் வறண்ட காற்றும் வேண்டும். மதியத்துக்குப் பின் பனிமூட்டம் இறங்கும் நாட்களில், குளிர்ந்த இரும்புத் தகட்டின்மீது கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படிகின்றது. அதன்மேல் அடித்த பெயின்ட் சரியாகப் பிடிப்பதுமில்லை, சீராகச் சுருங்குவதுமில்லை. பழைய என்.சி. (நைட்ரோசெலுலோஸ்) பெயின்ட் இத்தகைய நாட்களில் வெண்மையாகப் பூத்துப்போவதை எங்கள் பாஸ்மார் எல்லோரும் அறிவர். ஆகவே, நுவரெலியா, தலவாக்கலை, ஹட்டன் பக்கங்களில் இவ்வேலைக்கு உகந்தது பெப்ரவரி, மார்ச் மாதங்களின் வறண்ட முற்பகலாகும். தென்மேற்குப் பருவமழை மேற்குச் சரிவை நனைக்கும் ஜூன் முதல் ஓகஸ்ட் வரையான காலத்தில், மலைக்கு அப்பாலுள்ள ஊவாப் பக்கம் வறண்டிருக்கும். பண்டாரவளை, வெலிமடைக்காரர்கள் அப்போது இதைச் செய்துகொள்ளலாம். வேறு வழியில்லாதவர்கள், கதவை அடைக்கக்கூடிய சிறிய அறையொன்றை முன்கூட்டியே சூடாக்கி, தகட்டையும் கேனையும் அதே அறையில் இரவு முழுவதும் வைத்திருந்து, வேலை தொடங்குமுன் அடுப்பையோ ஹீட்டரையோ அணைத்துவிட வேண்டும். தேயிலைத் தொழிற்சாலையில் டிரையருக்குப் பக்கத்தில் சூடு வீணாகத்தானே போகின்றது, அங்கே காயவைத்தால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. சுற்றிலும் உள்ள எந்த மணத்தையும் தேயிலை இழுத்துக்கொள்ளும். தின்னர் வீசும் தேயிலைக்கு ஏலத்தில் என்ன விலை கிடைக்கும் என்பது டீமேக்கருக்குத் தெரியும். அவர் அனுமதிக்க மாட்டார், அனுமதிக்கவும் கூடாது.

எல்லாவற்றையும்விட நான் வலியுறுத்த விரும்புவது, பழைய பூச்சைச் சுரண்டுவதற்கு முன் செய்யவேண்டிய வேலையை. ஒரு டாஷ்போர்டின் அசல் மடிப்பு எவ்வளவு அகலம், எவ்வளவு ஆழம், எத்தகைய மினுக்கம் என்பதற்கு அந்த டாஷ்போர்டைவிடச் சிறந்த சாட்சி எதுவும் இல்லை. சுரண்டியபின் அந்தச் சாட்சியும் இல்லை. நடுப்பகுதி வெயிலில் வெளுத்து, துடைத்துத் துடைத்துத் தேய்ந்திருந்தாலும், மீற்றர்களின் வளையத்துக்கு அடியிலும், சுவிட்சுகளின் மூடிகளுக்குப் பின்னாலும், தகடு உடலுடன் பொருந்தும் ஓரத்திலும், வெயிலும் கையும் படாத சிறு இடங்கள் தப்பியிருக்கும். அவ்விடங்களைச் சவர்க்கார நீரும் மென்மையான தூரிகையும் கொண்டு கழுவி, ஒரு பக்கத்திலிருந்து மட்டும் தாழ்வாக விளக்கைப் பிடித்து, அளவுகோலையும் அருகில் வைத்துப் படம் எடுக்க வேண்டும். நேரே ஃபிளாஷ் அடித்து எடுத்த படத்தில் மடிப்பு தெரியாது. பக்கவாட்டு ஒளியில்தான் ஒவ்வொரு மடிப்பும் தன் நிழலுடன் எழுந்து நிற்கும்.

படத்துடன் நின்றுவிடாமல் அச்சும் எடுத்து வைப்பது மேலானது. பல் வைத்தியர்கள் பல்லின் அச்செடுக்கப் பயன்படுத்தும் சிலிக்கன் களி இதற்கு மிகவும் பொருத்தமானது; அது நுண்ணிய கோடுகளையும் தவறவிடாது, உலோகத்திலும் பெயின்டிலும் ஒட்டிக்கொள்ளாது, சில நிமிடங்களில் இறுகிவிடும். அவ்வச்சில் பாரிஸ் சாந்தை ஊற்றி எடுத்தால், அசல் பூச்சின் வடிவம் கையில் பிடித்துத் தடவிப் பார்க்கக்கூடிய வில்லையாகக் கிடைக்கின்றது. பிறகு, டாஷ்போர்டின் அதே தடிப்புள்ள இரும்புத் தகட்டுத் துண்டுகளை வெட்டி, அவற்றில் பூசிப் பழக வேண்டும். மெல்லிய தகரம் விரைவில் சூடேறும், தடித்த தகடு மெல்லச் சூடேறும் என்பதால், பிஸ்கட் டின் மூடியில் நன்றாக வந்த மடிப்பு டாஷ்போர்டில் அதேபோல் வரும் என்று நம்பியிருக்க முடியாது. ஒவ்வொரு துண்டின் பின்புறத்திலும் அன்றைய வெப்பநிலை, எத்தனை தடவை பூசப்பட்டது, இடையில் விட்ட நேரம் ஆகியவற்றை எழுதிவைத்து, சாந்து வில்லையுடன் பக்கவாட்டு ஒளியில் ஒப்பிட்டுப் பார்த்தால், எந்தத் துண்டு அசலுக்கு அருகில் வருகின்றது என்பதைக் கண்ணும் விரலும் சேர்ந்தே சொல்லிவிடும்.

பழைய பூச்சை நீக்குவதற்குச் சாண்ட்பேப்பர் உகந்ததல்ல. மடிப்புகளில் அது உடனே அடைத்துக்கொள்ளும், மேடுகளைத் தேய்த்துப் பள்ளங்களை அப்படியே விட்டுவிடும். அத்துடன், அக்காலத்துப் பெயின்டில் ஈயம் கலந்திருக்கலாம் என்பதால் உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசியைக் கிளப்புவது வேலை செய்பவருக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் கேடு. இரும்புத் தகடாயின் கோஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைத்து உரிக்கலாம். அலுமினியத்தை அக்கரைசல் தின்றுவிடும் என்பதை மறக்கக் கூடாது. உரித்த தகட்டை நன்கு கழுவி, துரு நீக்கி, மெல்லிய பிரைமர் அடித்து, அது முழுவதும் இறுகிய பின்னரே அடுத்த வேலைக்குப் போக வேண்டும். அரைகுறையாகக் காய்ந்த பிரைமரின்மேல் தடிப்பான சுருக்கப் பூச்சு ஏறும்போது, அதிலுள்ள கரைப்பான் பிரைமரையும் சேர்த்துத் தூக்கிவிடும். சுருக்கப் பூச்சு எல்லாக் குறைகளையும் மறைக்கும் என்ற நம்பிக்கை பாதிதான் உண்மை: சிறு கீறல்களை மறைக்கும், டிங்கர் வேலையில் விட்ட நெளிவை மறைக்காது.

பூசும்போது தகட்டைக் கிடையாக வைக்க வேண்டும். நிமிர்த்தி வைத்தால் தடிப்பான பெயின்ட் கீழ்நோக்கி இறங்கி, மடிப்புகள் திரைச்சீலையில் விழும் நீண்ட கோடுகளாகிவிடும். தகட்டைக் கையில் இளஞ்சூடாக உணரும் அளவுக்கு முதலில் சூடாக்கி, முதல் பூச்சை இடமிருந்து வலமாகவும், ஐந்து நிமிட அளவு இடைவெளியின் பின் இரண்டாவதை மேலிருந்து கீழாகவும், தேவைப்பட்டால் மூன்றாவதைக் குறுக்காகவும் அடிப்பது கேன் ஸ்ப்ரேக்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் முறை. திசையை மாற்றுவதன் நோக்கம், எல்லா இடத்திலும் ஒரே தடிப்பு வருவதும் மடிப்புகள் ஒரே பக்கம் சாயாமல் இருப்பதும் ஆகும். அதன்பின் கை வைக்காமல் பார்த்துக்கொண்டிருப்பதே கடினமான வேலை. ஈரமாகப் பளபளத்துக்கொண்டிருந்த தகடு ஓர் ஓரத்திலிருந்து மங்கத் தொடங்கி, சிறிது நேரத்தில் முழுவதும் சுருங்கிவிடும். ஓரிடம் பின்தங்கினால் ஹீட் கன்னைத் தூரத்தில் பிடித்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே சூடு காட்டலாம். அருகில் பிடித்து நிறுத்தினால் அந்த இடம் மட்டும் தனியே தெரியும். கரைப்பான் மணம் முற்றாக அடங்கிய பின்னரே தகட்டை ஓவன் அடுப்பில் வைக்க வேண்டும். பல கேன் ஸ்ப்ரேக்களுக்கு ஏறத்தாழ 90 பாகை செல்சியஸில் ஒரு மணித்தியாலம் போதும். அதற்குப் பயன்படுத்திய ஓவனில் பிறகு உணவு சமைக்கக் கூடாது.

இங்கே ஒரு நுட்பத்தைச் சொல்லாமல் விட மனமில்லை. ஈரமான பெயின்ட் கூரிய விளிம்புகளிலிருந்து விலகி ஓடும் இயல்புடையது. ஆகவே மீற்றர் துளைகளின் விளிம்பைச் சுற்றியும் தகட்டின் ஓரங்களிலும் பூச்சு மெல்லியதாகி, மடிப்பு நுண்ணியதாகவோ இல்லாமலோ போகும். தொழிற்சாலையில் பூசிய அசல் தகடுகளிலும் இது இருந்தது. ஓரங்களில் மேலும் மேலும் அடித்து அதை ‘சரிசெய்ய’ முனைபவர்கள், உண்மையில் தொழிற்சாலைப் பூச்சிலிருந்து விலகிச் செல்கின்றார்கள். அதேபோல, மேலே கிளியர் எனும் நிறமற்ற பூச்சை அடிப்பதும் கூடாது. கிளியர் பள்ளங்களை நிரப்பி, மங்கலை மினுக்கமாக்கி, செய்த வேலை முழுவதையும் கெடுத்துவிடும். சிலிக்கன் பொலிஷ் தடவுவதும் அப்படித்தான்.

எதிர்த் திசையிலும் ஓர் எச்சரிக்கை தேவைப்படுகின்றது. சுருக்கப் பூச்சின் அழகில் மயங்கி, கண்ட கண்ட கார்களுக்கெல்லாம் அதைப் பூசத் தொடங்கியிருக்கும் இளைஞர்களையும் காண்கின்றேன். மலையகத்தில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் மொரிஸ் மைனர் 1000 காரின் டாஷ்போர்ட் மட்டமான பெயின்ட் அடித்த தகடே. பழைய வோல்க்ஸ்வேகன் பீட்டிலின் இரும்பு டாஷ்போர்டும் அவ்வாறே. அவற்றில் சுருக்கத்தைக் கொண்டுவருவது, எம்.ஜி.பி.யில் அதைச் சுரண்டி எறிவதற்குச் சமமான பிழை.

வைப்பர் மோட்டார் உறையைப் பூசுபவர்கள் உள்ளேயிருக்கும் ஆர்மேச்சரையும் சுருள்களையும் கழற்றிய பின்னரே அடுப்பில் வைக்க வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும். பவுடர் கோட்டிங் கடைகளிலும் சுருக்க வகை கிடைக்கின்றது. அது உறுதியானது, ஆனால் மடிப்பு பெரும்பாலும் அசலைவிடக் கரடாகவும் அளவுக்கு மிஞ்சிய ஒழுங்குடனும் இருக்கும். அத்துடன் அதற்கு 160 முதல் 200 பாகை வரை சூடு தேவைப்படுவதால், ஈயப்பற்று வைத்த பாகங்களையும் நாக (துத்தநாக) வார்ப்புகளையும் அங்கே கொடுப்பது ஆபத்து. ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்று 183 பாகையிலேயே உருகத் தொடங்கிவிடும். ஹமர் ஃபினிஷ் எனப்படும் சுத்தியல் அடித்தது போன்ற பூச்சு முற்றிலும் வேறு தத்துவத்தில் இயங்குவது. அதில் அலுமினியத் துகளும் சிறிதளவு சிலிக்கனும் கலந்திருப்பதால், பெயின்ட் காயும்போது சிறு சிறு வட்டங்களாகப் பிரிகின்றது. பழைய கருவிப் பெட்டிகளிலும் இயந்திர உறைகளிலும் இது அதிகம்.

1960களின் பிற்பகுதியிலிருந்து வந்த, பஞ்சு வைத்து வினைல் போர்த்திய டாஷ்போர்டுகளுக்கு மேற்சொன்ன எதுவும் பொருந்தாது. அவற்றின் தோல் போன்ற வரிகள் பெயின்டினால் வந்தவையல்ல. ஊவாவின் வெயிலில் வெடித்த அத்தகைய டாஷ்போர்ட் ஒன்றைத் திருத்தும்போது, அதே டாஷ்போர்டின் பழுதடையாத மறைவான பகுதியில் சிலிக்கன் அச்செடுத்து, வெடிப்பை நெகிழும் தன்மையுள்ள நிரப்பியால் அடைத்து, அது இறுகுமுன் அச்சை அழுத்தி வரிகளைப் பதிக்கலாம். புதிய ரெக்ஸினை முழுவதுமாக ஒட்டுவது எளிது, செலவும் குறைவு. நாள்தோறும் ஓடும் வாகனத்துக்கு அதை நான் குறைகூற மாட்டேன், அதை அசல் என்று விற்காதவரை.

பாதுகாப்பைப் பற்றிச் சுருக்கமாகவேனும் எழுதியாக வேண்டும். எங்கள் கராஜ்களில் மூக்கில் லேஞ்சியைக் கட்டிக்கொண்டு ஸ்ப்ரே அடிப்பது வழமையாகிவிட்டது. கரைப்பான் ஆவியை லேஞ்சி தடுக்காது. 2கே பெயின்டின் கடினப்படுத்தியிலுள்ள ஐசோசயனேட் நிரந்தரமான ஆஸ்துமாவை உண்டாக்கவல்லது, அதற்கு வெளியிலிருந்து தூய காற்றைக் கொண்டுவரும் முகமூடியே முறையான பாதுகாப்பு. குளிருக்காகக் கதவு ஜன்னல்களை அடைத்துக்கொண்டு, விறகடுப்போ எரியும் ஹீட்டரோ உள்ள அறையில் ஸ்ப்ரே அடிப்பது தீ விபத்தை வரவழைப்பதாகும். சூடான அறை, அணைத்த அடுப்பு, அடித்து முடித்ததும் வெளியேறும் ஆள், பின்னர் திறந்துவிடும் ஜன்னல் என்ற ஒழுங்கை எவரும் மீறக் கூடாது.

பழைய வாகனங்களுக்கான சர்வதேச சம்மேளனமான ஃபீவா, 2012 இல் ஏற்றுக்கொண்ட டியூரின் சாசனத்தில், ஒரு வாகனத்தில் செய்யப்படும் திருத்தங்கள் பதிவுசெய்யப்பட வேண்டும் என்ற கொள்கையை முன்வைத்துள்ளது. ஐரோப்பாவின் அருங்காட்சியகங்களுக்குத்தான் அது என்று ஒதுக்கிவிட வேண்டியதில்லை. புதிதாகச் சுருக்கப் பூச்சுப் பூசிய தகட்டின் பின்புறத்தில் திகதியையும் பூச்சின் வகையையும் எழுதிவைப்பதற்கும், பழைய பூச்சின் ஒரு சிறு பகுதியை, மீற்றருக்குப் பின்னால் மறைந்திருக்கும் இடத்திலாவது, சுரண்டாமல் விட்டுவைப்பதற்கும் ஒரு சதமும் செலவாகாது. அடுத்த தலைமுறையில் அந்தக் காரைத் திருத்துபவர் எதைப் பின்பற்றுவது என்று திண்டாடாமல் இருப்பார்.

மலையகத்தில் இயங்கும் தொழிற்பயிற்சி நிலையங்களில் வாகனப் பெயின்ட் வேலை பயிலும் பிள்ளைகளுக்கு, மட்டமாக்கிப் பொலிஷ் செய்வதுடன், பழைய பூச்சொன்றை அச்செடுத்து அதைப்போல் உண்டாக்குவதையும் ஒரு செய்முறைப் பாடமாக வைக்குமாறு பொறுப்பானவர்களைக் கேட்டுக்கொள்கின்றேன். பழுதான தட்டச்சுப் பொறியின் மூடி ஒன்றும், பல் வைத்தியரின் களி சிறிதும், சில தகட்டுத் துண்டுகளும் இருந்தால் அப்பாடத்தைத் தொடங்கலாம். மெருகு குலையாத பழைய டாஷ்போர்டை வைத்திருக்கும் உரிமையாளர்கள், அதே வகைக் காரைத் திருத்தும் மற்றொருவர் அச்செடுக்கக் கேட்டால் மறுக்காதிருப்பார்களாக. அச்செடுப்பதால் பூச்சுக்கு எத்தீங்கும் நேராது.

இறுதியாகத் தங்களிடம் ஒரு வேண்டுகோள். மஹகஸ்தோட்டை மலையேற்றப் போட்டிகளையும் நுவரெலியா வசந்த கால நிகழ்வுகளையும் படம்பிடித்த பழைய நெகட்டிவ்கள் பத்திரிகைக் காப்பகங்களில் கிடக்கக்கூடும். அவற்றில் கார்களின் உட்புறமோ திறந்த என்ஜினோ தெரியும் படங்கள் தங்களிடம் இருப்பின், பெரிதாக்கி வெளியிட்டு உதவுங்கள். கறுப்பு வெள்ளைப் படங்களாக இருந்தாலும் பாதகமில்லை; மடிப்பின் அகலத்தை அறிய எங்களுக்கு வேண்டியது நிறம் அல்ல, நிழல்.

இங்ஙனம்,
பழைய வாகனம் பேணும் வாசகர் ஒருவர்,
நானுஓயா.